சாக்லேட்டின் கொழுப்பு

மாங்கொட்டைக்கு ஐரோப்பியச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. சாக்லேட் என்றால் என்ன என்று வரையறுத்து ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு போட்ட ஆணையின் பின்னிணைப்பில் ஆறு தாவரக் கொழுப்புகள் வரிசையாக இருக்கின்றன. கொக்கோ வெண்ணெய் போக, இவற்றையும் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சேர்த்துக்கொள்ளலாம். செம்பனை, ஆப்பிரிக்காவின் ஷியா, போர்னியோக் காட்டு மரம் ஒன்று. மிச்சம் மூன்றும் நம் பக்கத்துச் சரக்கு: சால மரத்து விதை, கொங்கணத்துக் கோகம், மாங்கொட்டைப் பருப்பு. கோகம் வெண்ணெயைப் பித்தவெடிப்புக்குத் தடவுவார்கள். சால விதையை மழைக்கு முன் மத்திய இந்தியக் காடுகளில் ஆதிவாசிப் பெண்கள் பொறுக்குவார்கள். மாங்கொட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் பின்னால் ஆனி மாதத்தில் ஈ மொய்க்கக் கிடக்கும். இவை பிரஸ்ஸல்ஸ் வரை போயிருக்கின்றன என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான்.

அந்த ஐந்து சதவீதத்துக்காக முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது தன் சாக்லேட்டையும் கூட்டிக்கொண்டு போனது. அதில் பால் தூக்கல், கொக்கோ குறைவு, போதாக்குறைக்கு வேறு கொழுப்பு. பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் வந்த கோபம் சாதாரணமானதல்ல. இத்தாலியும் ஸ்பெயினும், அப்படிப்பட்டதைச் ‘சாக்லேட் பதிலி’ என்று அச்சிட்டுத்தான் விற்க வேண்டும் என்றன. அது செல்லாது என்று 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தது. இத்தனை வழக்கிலும் சாக்லேட்டின் நிறம் பற்றியோ மணம் பற்றியோ யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. தகராறு முழுக்கக் கொழுப்பைப் பற்றித்தான். சரியான இடத்தில்தான் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

சாக்லேட்டின் பெருமை பழுப்புத் தூளுக்குப் போய்விட்டது. உழைப்பதெல்லாம் கொழுப்பு. தோல் நீக்கிய கொக்கோ விதையில் ஏறக்குறைய பாதி அதுதான். முதலில் அதை இடைஞ்சலாகவே நினைத்தார்கள். சாக்லேட் குடிக்கும் பண்டமாக இருந்த காலத்தில் கோப்பையின் மேல் எண்ணெய் மிதந்தது. அதைப் பிழிந்தெடுக்கும் அழுத்துப்பொறிக்கு 1828-ல் ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை வாங்கியது. பிழிந்த கொழுப்பை என்ன செய்வது? 1847-ல் பிரிஸ்டலின் ஃப்ரை கம்பெனி அதையே சர்க்கரையோடும் கொக்கோவோடும் திரும்பக் கலந்து அச்சில் வார்த்தது. குடிப்பதைக் கடிப்பதாக மாற்றியது, வேண்டாமென்று வெளியேற்றிய பொருள்.

பால் சாக்லேட்டைச் செய்தவர் மெழுகுவத்தித் தொழிலிலிருந்து வந்தவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. சுவிட்சர்லாந்தின் வெவே ஊர்க்காரர் டேனியல் பீட்டர். மண்ணெண்ணெய் விளக்கு வந்து மெழுகுவத்தி வியாபாரம் படுத்துவிட, சாக்லேட் செய்யும் கயே குடும்பத்து மாப்பிள்ளையாகி மாமனார் தொழிலுக்கு வந்தார். பால் என்பது பெரும்பாலும் தண்ணீர். கொக்கோக் கூழோ கொழுப்பு. இரண்டும் ஒட்டாது, ஒட்டவைத்தாலும் சீக்கிரம் கெட்டுப்போகும். பாலின் தண்ணீரை விரட்டிவிட்டுக் கலக்க வேண்டும் என்று பிடிபட்டு, 1875-ல் ஒருவழியாகக் கைகூடியது. கொழுப்பை உருக்கியும் உறையவைத்தும் பழகிய கைக்குத்தான் அது வாய்த்தது என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். ஒரே நெய் வேகமாக ஆறினால் வழவழவென்றும், மெல்ல ஆறினால் மணல் மணலாகவும் உறைகிறதல்லவா, அந்த மாதிரி. ஆறில் ஐந்தாவது வடிவம்தான் வேண்டியது. அதில்தான் மினுமினுப்பும், உடைக்கும்போது வரும் ‘டக்’ என்ற ஓசையும். அது உருகுவது 34 டிகிரிக்குப் பக்கத்தில். வாயின் சூட்டுக்குச் சற்றே கீழே. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அதே காரணத்தால் அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் அம்பாசமுத்திரத்து வீட்டுப் பீரோவுக்குள்ளும் கரைந்தது.

சிங்கப்பூர் மாமா வருஷத்துக்கொரு தரம் வருவார். டைகர் பாம், கோடாலித் தைலத்தோடு, தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட்டும் வரும். வந்த அன்று ஆளுக்கொன்று. மீதியை அம்மா பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிடுவாள். நல்ல நாள் பார்த்துத் திறக்கும்போது சாக்லேட் உருகி, மறுபடி உறைந்து, மேலெல்லாம் சாம்பல் பூசியிருக்கும்.

“பூசணம் பூத்திருக்குல்லா. மாட்டுக்குப் போடு” என்பாள் ஆச்சி.

“அண்ணன் கடல் தாண்டிக் கொண்டாந்தது. மாட்டுக்கா போடுவாவ?” என்று அம்மா முகத்தைத் தூக்குவாள்.

இது நாத்தனார், சம்பந்தி வரை நீளக்கூடிய வழக்கு. ஆச்சியே ஒன்றை எடுத்து முந்தானையால் தேய்ப்பாள். சாம்பல் மறைந்து பழுப்பு தெரியும். பூசணமாயிருந்தால் அப்படிப் போகாது என்று அவளுக்கும் தெரியும். உறைந்த விதம் தப்பிப்போய்க் கொழுப்பு மேலே வந்து பூத்ததுதான் அது. தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. “தின்னுங்க. வயித்த வலிச்சா என்ட்ட வராதிய” என்று எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். வயிறு வலிக்கவில்லை. வாயில் ஏறியது அந்துருண்டை மணம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை இந்தக் கொழுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும். கறுப்பு, பால், வெள்ளை என்று கடைக்காரர்கள் பிரிக்கிறார்களே, அதில் எங்கள் ‘பீரோ சாக்லேட்’டையும் சேர்க்கலாம். இன்றைக்கும் விலை உயர்ந்த பெல்ஜிய சாக்லேட்டைத் தின்னும்போது, ஏதோ குறைகிறதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெள்ளையைச் சாக்லேட்டே இல்லை என்பார்கள் சிலர். பழுப்புத் துளியும் இல்லை, வெறும் கொக்கோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தானே என்பது வாதம். அமெரிக்காவில் 2002-ல்தான் அதற்கென்று ஓர் இலக்கணமே எழுதினார்கள்: கொக்கோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம். என் கணக்கில் நாடகத்தின் கதாநாயகன் தனியாக மேடையேறிய வகை அது. தின்ன எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். 2017-ல் வந்த இளஞ்சிவப்பு ‘ரூபி’யைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கறுப்புக் கட்சிக்காரர்கள்தான் பொறுமையைச் சோதிக்கிறார்கள். 70, 85 என்று உறையிலுள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண்ணில் அரைத்த விதையும் அடக்கம், தனியாகச் சேர்த்த வெண்ணெயும் அடக்கம். இரண்டு எழுபதுகளில் ஒன்று கசந்து நாக்கை இழுக்கும், இன்னொன்று வழுக்கிக்கொண்டு போகும். எண் அதைச் சொல்லாது.

ஊட்டியில் கிலோ கணக்கில் மலிவாக விற்பதில் பலவும், கொக்கோத் தூளோடு வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த ‘காம்பவுண்ட்’ பாளத்தை உருக்கி வார்த்தவை. ஐந்தாம் வடிவம் ஆறாம் வடிவம் என்ற தொல்லை அதற்குக் கிடையாது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாலும் உருக்குலையாது. மேலண்ணத்தில் மட்டும் மெழுகாக ஒட்டி நிற்கும். குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது, நான் யார் சொல்ல?

கொக்கோ மரத்தை இந்தியாவில் முதலில் நட்டது எங்கள் குற்றாலத்தில். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போனாத் தீவிலிருந்து கொண்டுவந்தது. சாரல் ஒத்துவந்தாலும் வியாபாரம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கத்தில் வளர்ந்தும் ஒரு காய்கூட நான் பார்த்ததில்லை. காயைப் பார்த்தது வெகுகாலம் கழித்து, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பில், ஊடுபயிராக. கறுப்புப் பிடிக்குமா, பால் பிடிக்குமா என்று தோப்புக்காரரிடம் கேட்டேன். “எனக்குச் சக்கரை இருக்குதுங்க. சாக்லேட்டே தொடறதில்லீங்க” என்றவர், கட்டையால் ஒரு காயைத் தட்டிப் பிளந்து நீட்டினார். உள்ளே விதைகளைச் சுற்றி வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. சாக்லேட்டின் சாயலே இல்லை. இந்தச் சதையோடு விதையைச் சில நாள் புளிக்கவைத்தால்தான் சாக்லேட் மணத்துக்கே அடித்தளம் அமையும். நான் சப்பிக்கொண்டே தோப்பைப் பார்ப்பதைக் கண்டு அவர் உள்ளங்கையை நீட்டினார்.

“கொட்டையத் துப்பிப்போடாதீங்க. காசு அதுலதானுங்க.”