எந்த முறையில் வேலை செய்தீர்கள்?

ஓய்வு பெற்றவனிடம் அவன் பார்த்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு, காலையில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், பென்ஷன் உண்டா என்றுதான் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு என் போன்ற சாஃப்ட்வேர்க்காரர்களிடம் ஒரு சிரிப்பைத் தவிர வேறு பதில் கிடையாது. அதனால் போன மாதம் என் அக்கா மகள் போன் செய்து, "மாமா, நீங்க எந்த முறையில ப்ராஜெக்ட் பண்ணீங்க?" என்று கேட்டபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அவள் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்.டி. செய்கிறாள். அஜைல் முறையையும் பழைய முறையையும் கலந்து வேலை செய்கிற 'ஹைப்ரிட்' வழிகள்தான் ஆராய்ச்சித் தலைப்பு. அவள் அனுப்பிய படிவத்தில் வாட்டர்ஃபால், அஜைல், ஹைப்ரிட் என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

"காகிதத்துல இருந்ததைச் சொல்லவா, நிஜமா நடந்ததைச் சொல்லவா?" என்றேன்.

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் மாமா என் ஆராய்ச்சியே," என்றாள். பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வாட்டர்ஃபால் என்பது அடுக்குமாடி கட்டுகிற மாதிரி. தேவைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, வரைபடம் போட்டு, கட்டி, சோதித்து, கடைசியில் சாவியைக் கொடுப்பது. நடுவில் சமையலறையை இடம் மாற்றச் சொன்னால் சண்டைதான். அஜைல் என்பது நம் ஊர்களில் வீடு கட்டுகிற மாதிரி. முதலில் ஓர் அறை, ஒரு சமையலறை. குடியேறி, இருந்து பார்த்துவிட்டு, காசும் தேவையும் பார்த்து அடுத்த அறை.

வாட்டர்ஃபாலுக்குத் தந்தை என்று எல்லோரும் சொல்வது அமெரிக்கரான வின்ஸ்டன் ராய்ஸை. 1970-ல் அவர் எழுதிய கட்டுரையில்தான் படிப்படியாக இறங்கும் அந்தப் பிரபலமான படம் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்திருக்கிறார். புதிய வகை மென்பொருளை இரண்டு முறை செய்யுங்கள், இரண்டாவதை வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்பது அவருடைய யோசனை. படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை போலும்.

அஜைல் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு ஊரில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். கருவிகளைவிட மனிதர்கள் முக்கியம், கத்தை கத்தையான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கைகோப்பது முக்கியம், திட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட மாற்றத்துக்கு வளைந்துகொடுப்பது முக்கியம் என்பது அதன் சாரம். ஆவணமும் திட்டமும் வேண்டாம் என்று அதில் எங்குமே இல்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு என்றுதான் இருக்கிறது.

நிஜத்தில் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, பல நாட்டினரையும் சேர்த்துக்கொண்டு கணக்கெடுத்தார்கள். 'ஹெலெனா' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 2019-ல் வெளியான அதன் கட்டுரை ஒன்றில், 732 பதில்களை அலசியதில் 76.8 சதவீத நிறுவனங்கள் கலப்பு முறையில்தான் வேலை செய்கின்றன என்று தெரியவந்தது. அதற்கு முன் 2017-ல் 69 பேரிடம் நடத்திய முதல் கட்ட ஆய்வில் இன்னொரு விஷயம். வெளிச்சட்டம் பழைய முறை, உள்ளே சின்னச் சின்ன அஜைல் பழக்கங்கள். இந்தக் கலவை யாரும் உட்கார்ந்து வடிவமைத்ததல்ல, அனுபவத்தில் தானாக வளர்ந்தது என்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார்கள் எந்தக் கணக்கெடுப்பும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் தொழிலில் அந்தக் கலவை ஏன் வந்தது என்பதற்கு எளிய காரணம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுப்பது மொத்தத் தொகை ஒப்பந்தம். தேவைப் பட்டியலில் கையெழுத்தானால் இத்தனை சதவீதம், டிசைனுக்கு இத்தனை, இறுதிச் சோதனை முடிந்தால் மீதி. பணம் வாட்டர்ஃபாலில் வருகிறது, வேலை இரண்டு வார ஸ்ப்ரின்ட்டில் நடக்கிறது. ரஷினா ஹோடா என்ற ஆராய்ச்சியாளர் நியூசிலாந்திலும் இந்தியாவிலும் 23 நிறுவனங்களில் 58 பேரிடம் பேசி, அஜைல் குழுக்கள் உள்ளுக்குள் எப்படி இயங்குகின்றன என்று எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் ஒத்துழைக்காத இடங்களில் குழுக்கள் அவருக்குத் தெரியாமலே அஜைல் செய்வதைப் பற்றியும் அவரும் சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எங்கள் மாடியில் யாரோ ஒளிந்திருந்து பார்த்த மாதிரி இருந்தது.

நான் கடைசிப் பத்து வருடங்கள் தரப் பிரிவில் இருந்தேன். ப்ராஜெக்ட்டுகளைத் தணிக்கை செய்வது வேலை. காகிதத்தையும் நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சம்பளம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்போது பார்த்த ஒன்றை அக்கா மகளிடம் சொன்னேன்.

ஓர் இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்ட். எல்லா அஜைல் சடங்குகளும் உண்டு. காலை பத்து மணிக்கு வட்டமாக நின்றுகொண்டே கூட்டம், சுவரில் கலர் கலராகச் சீட்டுகள். ஒரு நாள் டெஸ்டிங் செய்கிற ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது, பழைய சிஸ்டத்திலிருந்து கொண்டுவந்த பாலிசிகளில் பிரீமியத் தொகை பொருந்தவில்லை என்று கூட்டத்தில் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் மேலாளர் அவளைத் தனியே கூப்பிட்டு, இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொல்லக் கூடாது என்றார். இரண்டு வாரத்தில் அவள் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டாள். பெஞ்ச் என்றால் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் காத்திருப்பது. சம்பளம் வரும், தூக்கம் வராது.

அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆன் ட்ராக்." நான் தணிக்கைக்குப் போனபோது ஆறு வாரமாக ரிஸ்க் பட்டியலில் புது வரி ஒன்றுகூட இல்லை. பிழைப் பட்டியலோ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று அறிக்கையில் எழுதி, மேலாளரிடமும் நேரில் சொன்னேன். அறிக்கை ஃபைலுக்குள் போனது. இறுதிச் சோதனையில் வாடிக்கையாளரே பிரீமியத் தொகை உதைப்பதைக் கண்டுபிடித்தார். மென்பொருள் பயன்பாட்டுக்கு வர மூன்று மாதம் தள்ளிப்போனது.

இதற்குப் பத்து வருடம் முன்பு, 2000-ம் ஆண்டுப் பிரச்சினைக்காக வங்கி ஒன்றின் கோபால் புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். சுத்தமான வாட்டர்ஃபால். ஸ்டாண்ட்-அப் என்ற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மேலாளரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவருக்கு அவர் செலவில் கீழே கடையில் டிகிரி காபி. அந்தக் காபிக்காகவே பையன்கள் பிழை தேடினார்கள். "சார், நேத்து சரி பண்ணினது ராத்திரி ரன்ல மறுபடியும் உடைஞ்சிடுச்சு," என்று சிரித்த முகத்தோடு வந்து சொல்வார்கள். வேலை சொன்ன தேதிக்கு முன்பே முடிந்தது.

இந்த இரண்டு ப்ராஜெக்ட்டையும் அந்தப் படிவத்தில் நிரப்பினால், முதலாவது நவீனம், இரண்டாவது பழசு என்றுதான் தெரியும். காபியைப் பற்றிக் கேட்க அதில் கட்டம் இல்லை.

ஆராய்ச்சி உலகத்துக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்ஸன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளைச் சொல்ல நர்சுகளுக்குப் பயம் இல்லை, அதனால் பதிவாயின என்ற முடிவுக்கு வந்தார். மற்ற இடங்களில் மறைத்துவிட்டார்கள். 1999-ல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து இதையே விரிவாக எழுதினார்.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். வாட்டர்ஃபாலா, அஜைலா, கலவையா என்று கேள், தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் சேர்: "கடைசியாக உங்கள் டீமில் 'முடியவில்லை' என்று சொன்னவருக்கு என்ன ஆயிற்று?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கைடிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன் என்றாள்.

இதைப் படிப்பவர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் துறையில் இருப்பார்கள். அவர்கள் புது டீமில் சேரும்போது சுவரில் எத்தனை கலர்ச் சீட்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கெட்ட செய்தி சொன்ன கடைசி ஆள் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தைரியமாகச் சேரலாம்.