பகலில் டாஷ்போர்டு, இரவில் பேய்ப் பாலம்

இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த மாடி அறையில் வேலை சூடு பிடிக்கிறது. வாலாஜாபாத் போகிற சாலை; கீழே ஹார்டுவேர் கடை, மேலே வரிசையாக வாடகை அறைகள். அதில் ஒன்றில் குடியிருக்கும் இளைஞர், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். பகல் முழுக்க டாஷ்போர்டின் வளைவுகளைக் கம்ப்யூட்டரில் இழைக்கிறவர், இரவில் பேய் உலவும் ரேஸ் தடம் ஒன்றை இழைக்கிறார். துணைக்கு இரண்டு பேர். மொபைல் அசெம்பிளி லைனில் நிற்கும் ஒரு பெண். டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கும் அவருடைய தம்பி. இருவரும் வார விடுமுறையில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். இந்த வேலையால் யாருக்கும் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று மூவருமே கேட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் தடம் போடுவது ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’ என்ற விளையாட்டுக்கு. லினக்ஸின் சின்னமான பென்குயினும் அதன் சகாக்களும் சின்ன வண்டிகளில் பறக்கிற, 2006 முதல் இந்தப் பெயரில் வந்துகொண்டிருக்கும் கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம். சுமாரான போனிலும் ஓடும். முக்கியமாக, யார் வேண்டுமானாலும் பிளெண்டர் மென்பொருளில் ஒரு தடத்தைக் கட்டி மற்றவர்கள் ஓட்டத் தரலாம். 2019-இல் வந்த அதன் 1.0 பதிப்பில், பழைய பேய் மாளிகைத் தடமான ‘பிளாக்ஹில் மேன்ஷ’னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ரேவன்பிரிட்ஜ் மேன்ஷன்’ என்ற புதிய தடத்தை வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த இளைஞர், தான் கல்லூரியில் படிக்கும்போது அரைகுறையாகக் கட்டிய பேய்த் தடத்தை மறுபடி கையில் எடுத்தார். பாழடைந்த சத்திரம், ஏரிக்கரை, செங்கல் சூளை, பனந்தோப்பு, ஒரு மரப்பாலம். எல்லாமே இந்தப் பக்கத்துச் சரக்கு.

“பழைய ஃபைலைத் திறந்து பார்த்தா சிரிப்பு வருது சார். மரமெல்லாம் அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. ஆனா ஓட்டிப் பார்த்தா அந்தப் பாலத்துல இன்னும் பயம் வருது. அது எப்படின்னுதான் புரியல.”

அது எப்படி என்ற கேள்வியில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

கார்ட் விளையாட்டுகளில் பேய்த் தடம் என்ற வகைக்கே மூலம், 1992-இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ கார்ட்’டில் வரும் ‘கோஸ்ட் வேலி’. அந்தக் காலத்து சூப்பர் நின்டெண்டோ இயந்திரத்தால் மேடு பள்ளம் காட்ட முடியாது. ஒரே ஒரு தட்டையான படத்தைத் திருப்பியும் பெருக்கியும் காட்டித்தான் சாலை என்று நம்பவைத்தார்கள். அந்தப் படத்தின் அளவு 1024-க்கு 1024 புள்ளிகள். அதை நிரப்ப அதிகபட்சம் 256 சின்னச் சில்லுகள். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் அவர்கள் செய்தது என்ன? பலகை பாவிய பாதை, சுற்றிலும் இருட்டு, ஓரத்தில் வரிசையாகக் கட்டைகள். கட்டையில் வண்டி மோதினால் கட்டை மறைந்துவிடும். அடுத்த முறை அதே இடத்துக்கு வரும்போது அங்கே காவல் இல்லை. நேராக இருட்டுக்குள் விழ வேண்டியதுதான். முதல் சுற்றில் செய்த தவறு இரண்டாம் சுற்றில் குழியாகக் காத்திருக்கிறது. வெறும் கட்டைகளை வைத்தே பயத்தை உண்டாக்கிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிடச் சிக்கனமான ஒரு பேய்த் தடத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு வந்த இயந்திரங்கள் பலமானவை. 1996-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த ‘பான்ஷீ போர்டுவாக்’ கறுப்புத் தண்ணீருக்கு மேல் மரப்பாதை போட்டு, பல இடங்களில் தடுப்பைப் பிடுங்கிவிட்டது. 2005-இல் ‘லூயிஜிஸ் மேன்ஷன்’ தடம் வீட்டுக்குள் புகுந்து, சேற்றில் இறங்கி, நடக்கிற மரங்களுக்கு நடுவே ஓடியது. 2014-இல் ‘ட்விஸ்டட் மேன்ஷன்’ வந்தபோது வண்டி சுவரில் ஏறியது, தண்ணீருக்குள் மூழ்கியது. பழைய கோஸ்ட் வேலியின் இரண்டாம் தடத்தை 2008-இல் வீ இயந்திரத்துக்காக மறுபடி கட்டினார்கள். 2001-இல் கையடக்கக் கருவிக்கு வந்த ‘பூ லேக்’ 2022 டிசம்பரில் புதுப்பித்து வெளிவந்தபோது, ஏரிக்கு மேலே மட்டும் ஓடிய பாதை ஏரிக்கு உள்ளேயும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் சேர்ப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. எதைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் கடினம்.

இங்கே இன்னொரு நெருக்கடி, கூட்டம். 1992-இல் ஒரே பந்தயத்தில் 8 வண்டிகள். 2008-இல் 12. 2025-இல் வந்த ‘மாரியோ கார்ட் வேர்ல்’டில் 24. எட்டு வண்டிக்குப் போதுமான பலகைப் பாலத்தில் அதைவிடக் கூட்டமாக வண்டிகள் முட்டினால் அங்கே போக்குவரத்து நெரிசல்தான் இருக்கும், பேய் இருக்காது. நம் இளைஞரின் பாலத்துக்கும் அதே கதி. தடம் கட்டுகிறவர் சாலையின் நடுவாக ‘டிரைவ்லைன்’ என்ற கண்ணுக்குத் தெரியாத பாதையைப் போட்டுத்தர வேண்டும். கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். குறுகலான பாலத்தில் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. பாலத்தை அகலப்படுத்தினார். நெரிசல் போனது, கூடவே பயமும் போனது.

விடை கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து சென்னை திசையில் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை வருவதற்கும் முன்பே, 1990-இல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் தடத்தைத் திறந்துவிட்டது. அதற்கு முன் பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில். சென்னைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ரேஸ் என்று பேச்செடுத்தால் இன்றும் முதலில் வருவது சோழவரம்தான். இருங்காட்டுக்கோட்டையில் பெரிய தடத்தோடு இப்போது கார்ட் வண்டிகளுக்கென்றே தனித் தடமும் இருக்கிறது. மூவரோடும் நானும் போயிருந்தேன்.

கார்ட்டில் உட்கார்ந்தால் இருக்கைக்கும் தரைக்கும் இடையில் சில விரல்கட்டைதான். கண் மட்டம் அவ்வளவு கீழே இருப்பதால் லேசான மேடுகூட முன்னால் உள்ள சாலையை மறைத்துவிடும். வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர், ஓரத்தில் நின்றிருந்த ஒரு கார்ட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் சஸ்பென்ஷன் கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு. கார்களில் இருப்பதுபோல இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்ற டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்குத் தோதாகச் சட்டமே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கிறது.

“வளைவு உள்ள போகும்போது யாரும் பயப்பட மாட்டாங்க தம்பி, பிரேக் கையில இருக்கு. வெளிய வரும்போதுதான். ஆக்ஸிலேட்டர் மிதிச்சாச்சு, வண்டி தானா வெளிப்பக்கம் இழுக்கும். அங்க டயர் சுவரு பக்கத்துல இருந்துச்சுன்னா வயித்தக் கலக்கும்.”

இளைஞர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். அன்று இரவே பாலத்தைப் பிரித்தார். அகலத்தில் கை வைக்கவில்லை. பாலத்தை நேராக வைத்திருந்தவர் கடைசியில் இடப்பக்கமாக ஒரு வளைவு கொடுத்தார். உள்பக்கம் முழுக்க மரத் தடுப்பு. வெளிப்பக்கத்திலும் தடுப்பு உண்டு, ஆனால் வளைவு முடிந்து வண்டி தானாக ஒதுங்குகிற அந்த இடத்தில் மட்டும் இல்லை. கழன்று தொங்குகிற இரண்டு பலகை, கீழே ஏரி. டிரைவ்லைன் உள்பக்கமாக ஒட்டிப் போவதால் கம்ப்யூட்டர் வண்டிகள் தப்பிவிடுகின்றன. வேகத்துக்கு ஆசைப்படும் மனிதர்தான் விளிம்புக்குப் போகிறார். ஓட்டிப் பார்த்தபோது என் கை தானாக வேகத்தைக் குறைத்தது.

கண் மட்டத்தில் வேறொரு பாடம் இருந்தது. விளையாட்டில் நாம் பார்ப்பது ஓட்டுநரின் கண்ணால் அல்ல. வண்டிக்குப் பின்னால், சற்று மேலே மிதக்கும் கேமராவால். நிஜத் தடத்தில் சாலையை மறைக்கும் மேடு திரையில் எதையும் மறைக்காது. ஆகவே ஏரிக்கரை ஏற்றத்தை நிஜத்தில் இருப்பதைவிட நன்றாகச் செங்குத்தாக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்ததும் உச்சியில் வண்டி துள்ளியது. பகல் வேலை கைகொடுத்தது இங்கேதான். டாஷ்போர்டில் இரண்டு மேற்பரப்புகள் சேரும் இடத்தில் வளைவு ஒரே சீராக ஓடாவிட்டால் அதன் மேல் விழும் வெளிச்சம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதே கண்ணால் ஏற்றத்தைப் பார்த்து, முனையில் இருந்த உடைசலைத் தேய்த்து எடுத்தார். துள்ளல் நின்றது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேய்த் தடம் என்றதும் எல்லாவற்றையும் கறுப்பாக்கத் தோன்றும். இவர்களுடைய ஆட்டக்காரர்கள் பகலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீறல் விழுந்த போனில் ஓட்டுகிறவர்கள். கறுப்புத் திரையில் அவர்களுடைய முகம்தான் தெரியும். ஆகவே சாலை எங்கேயும் இருட்டாவதில்லை. நிலா வெளிச்சம் பட்ட மண் நிறம் சாலைக்கு. பனைமரமும் சூளைப் புகைபோக்கியும் வெறும் நிழலுருவமாக நிற்கின்றன. தூரத்தில் மூடுபனி. அது அழகுக்கு மட்டுமல்ல, பனிக்கு அப்பால் இருப்பதை வரைய வேண்டியதில்லை என்பதால் போன் சூடாகாமல் தப்பிக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேரத் தெரு ரேஸின் வீடியோக்களை இளைஞர் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். சாலை பளிச்சென்று வெளிச்சத்தில் இருக்க, விளிம்புக்கு வெளியே ஊர் இருளில் கிடக்கும் அந்த வேறுபாடு அவருக்குத் தேவைப்பட்டது.

இனிப் பேய். முதல் வரைவில் சத்திரத்துத் திண்ணையில் வெள்ளைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி நின்றாள், விரித்த கூந்தலோடு. அதை எடுக்கச் சொன்னது அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் அந்தப் பெண்.

“எந்தப் படம் பார்த்தாலும் யாரோ கொன்னுபோட்ட பொண்ணுதான் பேயா வர்றா. நைட் ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப எனக்குப் பேய் பயமே கிடையாதுண்ணா, தனியா வண்டில பின்னாடியே வர்றவன பார்த்தாதான் பயம். அவள எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த உருவம் நம் திரைப்படங்களில் தேய்ந்து, பார்த்ததும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துபோகிறது. அடுத்து, பனந்தோப்புக்குப் பக்கத்தில் அரிவாளோடு பெரிய முனி சிலை வைக்கலாம் என்று தம்பி சொன்னபோது மறுத்தவரும் அவர்தான். “அது காவல் தெய்வம்டா. பொங்கல் வைக்கிற சாமிய பேய்னு காட்டுவியா?” இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எல்லைக்கு எல்லை முனீஸ்வரன் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். வெளிநாட்டுத் தடத்தில் எலும்புக்கூடு தொங்கும் இடத்தில் இங்கே எதைத் தொங்கவிடுவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

ஒரகடம் வரை எந்தப் பக்கம் போனாலும் புதுக் கட்டடம் எழும்புகிறது. ஒவ்வொன்றின் முகப்பிலும் திருஷ்டி பொம்மை: வைக்கோல் திணித்த சட்டை, கீழே பேன்ட், பூசணிக்காயிலோ சட்டியிலோ எழுதிய முகம், துருத்திய நாக்கு. மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, ஒரு கை கழன்று தொங்கும்போது பட்டப்பகலிலேயே பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். அதைத்தான் தடத்தில் வைத்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன மூன்று மாடிக் கட்டடத்துக்குள் சாலை நுழைகிறது. தூண்களுக்கு இடையே பொம்மைகள் தொங்குகின்றன. முதல் சுற்றில் அவை நம்மைப் பார்க்கின்றன. இரண்டாம் சுற்றில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. வேறு எதுவும் நடப்பதில்லை, எதுவும் பாய்ந்து வருவதில்லை. தம்பி பொம்மைகள் பறக்க வேண்டும் என்று இன்னும் வாதாடுகிறார். அவை தொங்கிக்கொண்டே இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஒலியை அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். நாய்க்குரைப்பு, தவளை, தூரத்து உடுக்கை. உடுக்கை ஒரு காதில் மட்டும் கேட்கும்; வண்டி திரும்பினால் அது மறு காதுக்கு மாறும். சாலை எந்தப் பக்கம் வளையப்போகிறது என்பதற்கு அதுவே குறிப்பு என்று சில சுற்றுகள் ஓட்டியவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. இந்த ஒலிகள் எல்லாம் சொந்தமாகப் பதிவு செய்தவை. செய்தே ஆக வேண்டும். இந்த விளையாட்டின் தளத்தில் வைக்கும் தடத்தில் உள்ள படம், ஒலி எல்லாம் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த செங்கல் சுவர் படத்தை அப்படியே ஒட்ட முடியாது. அதனால்தான் அந்த அறையின் ஹார்டு டிஸ்க்கில் காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த தகரம், பனங்கருக்கு, ஏரிச்சேறு என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் புகைப்படங்கள் கிடக்கின்றன. எல்லாம் மேகமூட்டமான நாட்களில் எடுத்தவை. வெயிலில் எடுத்தால் நிழல் படத்திலேயே பதிந்து, நிலா வெளிச்சக் காட்சியில் பொய்யாகத் தெரியும்.

தடம் இன்னும் முடியவில்லை. சத்திரத்துக் கிணற்றுக்குள் இறங்கி ஏரிக்கரையில் வெளிவரும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதில் போகிறவர்களுக்குச் சுற்று கணக்கில் ஏறுவதில்லை. சுற்றை எண்ணுவதற்காகச் சாலையின் குறுக்கே போடும் ‘செக்லைன்’ ஒன்றைக் கிணற்றுப் பாதை தாண்டாமலே போய்விடுகிறது. கோட்டை நகர்த்தினால் மேலே போகிற வண்டிகளில் கோளாறு. கிணற்றை நகர்த்தினால் சத்திரத்தின் முற்றத்தையே திரும்பக் கட்ட வேண்டும். முற்றத்தைக் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. இளைஞருக்கு அடுத்த வாரம் முழுக்கப் பகல் ஷிப்ட், ஆகவே இரவுகள் கையில் இருக்கின்றன. அக்கா புது முற்றத்தின் தூண்களுக்குக் கல் படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் மூன்று பழைய போன்களைச் சொல்லி வைத்திருக்கிறார், ஓட்டிப் பார்க்க.