கதவுக்கு இந்தப் பக்கம்

ஜனரஞ்சகக் கலை பற்றிக் கடுமையாகவே எழுதி வந்திருக்கிறேன். அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இப்போதும் இல்லை. ஆனாலும் ஒரு படத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 டிசம்பரில் வெளியான ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற சித்திரப் படம். அக்கா பையனுக்குத் துணையாகப் போனேன். 2002, 2012, 2017 என்று மூன்று நடிகர்களை வைத்து மூன்று தடவை புதிதாகத் தொடங்கப்பட்ட நாயகன். பழைய பாக்கியைப் புது லெட்ஜரில் ஏற்றுகிற காரியம். தூங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

படம் இந்த அலுப்பை மறைக்கவில்லை. வருகிற ஒவ்வொரு சிலந்தி மனிதனும் தன் பூர்வகதையை ஒரே மாதிரி ஒப்பிக்கிறான். முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு, இவர்கள் அத்தனை பேரும் யாரையோ பறிகொடுத்தவர்கள் என்பது உறைக்கிறது. சூத்திரம் அனுபவமாகிவிடுகிறது. சம்பிரதாயத்தை உதறுவது சுலபம். அது எந்த வலியிலிருந்து பிறந்தது என்று திரும்பிப் பார்ப்பது கஷ்டம்.

வினாடிக்கு 24 பிரேம். புரூக்ளின் சிறுவன் மைல்ஸ் மொராலெஸ் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு பிரேம் நிற்கிறான்; வினாடிக்கு 12 அசைவுதான். காட்டில் அவனோடு தாவும் அனுபவசாலி பீட்டருக்கு 24. பையனின் தடுமாற்றத்தை வசனம் சொல்வதில்லை. இந்தக் கணக்கு சொல்கிறது. தூரத்துப் பொருள்கள் மங்காமல், மட்டமான அச்சில் வந்த காமிக்ஸ் போல வர்ணம் விலகி நிற்கின்றன. உருவமும் உள்ளடக்கமும் வேறல்ல என்று நாம் எழுதி எழுதித் தேய்த்த வாக்கியம் இங்கே காரியமாகியிருக்கிறது. கடைசிச் சண்டை வழக்கமான வர்ண இரைச்சல்தான். இருக்கட்டும்.

எனக்குத் தைத்தது வேறு இடம். விடுதி அறையில் மைல்ஸ் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கிறான், வாயும் மூடியபடி. கதவுக்கு வெளியே அவன் அப்பா, போலீஸ்காரர், சகோதரனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். பையன் கோபத்தில் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு, மூடிய கதவிடமே தன் பிரியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் ஆபீசர் பரீட்சை எழுதாமல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்ததில் என் அப்பாவுக்கு வருத்தம். ஒரு ராத்திரி கதவுக்கு வெளியே நின்று, “நீ எழுதறது எனக்குப் புரியலைடா. ஆனா எழுது” என்றார். பாதி வாக்கியத்தில் இருந்தேன். பதில் சொல்லவில்லை. என் வாயை யாரும் கட்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் இல்லை. அன்று எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகமில்லை.

பிறகு மைல்ஸ் உயரமான கட்டிடத்திலிருந்து குதிக்கிறான். பயம் தீர்ந்து குதிப்பதில்லை. விரல்கள் கண்ணாடியை விடமாட்டேன் என்கின்றன. ஒட்டிய இடம் பெயர்ந்து சிதறுகிறது. காட்சி தலைகீழாக இருப்பதால் அவன் விழுவது எழுவதாகத் தெரிகிறது.

2019இல் இதற்கு ஆஸ்கர் கிடைத்தது. என் கணக்கில் அது சேராது.

வெளியே வந்ததும் பையன், “எப்படி மாமா இருந்தது?” என்றான். கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், தியேட்டர் படிக்கட்டிலேயே நின்று அவனுக்குச் சொன்னேன்.