காவற்காரர் மகன் ஆடிய ஆட்டம்

(இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பில் அறிவித்தபோது, நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பாரதியை எடுத்தார். இன்னொருவர் மழைநீர்ச் சேமிப்பை எடுத்தார். என் முறை வந்தது. "ஐயா, சென்ற கோடை விடுமுறையில் நானும் எங்கள் தெருப் பையன்களும் ஆடிய ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "எழுது. ஆடியதை மட்டும் எழுதாதே, ஆடும்போது நினைத்ததையும் எழுது" என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

எனக்கு ஊர் ராயகிரி. எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011 முதல் நம் மாநில அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் ஒன்று அது. அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது கிடைத்தது. அவள் கல்யாணமாகிப் போகும்போது அதை எனக்கு விட்டுப் போனாள். பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் நின்றால் கணினியும் நின்றுவிடும். புதிய விளையாட்டு எதையும் தாங்கும் தெம்பு அதற்கு இல்லை. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த எதிர்வீட்டு அண்ணன், "கிழவனுக்குக் கிழவிதான் பொருத்தம்" என்று சொல்லிச் சிரித்து, தள்ளுபடி விலையில் வாங்கிய பழைய விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தார்.

அதன் பெயர் 'ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசின்'. ஓசையில்லாத கொலையாளி என்று பொருள் கொள்ளலாம். டென்மார்க் நாட்டுக் கோப்பன்ஹேகனில் உள்ள ஐ.ஓ. இன்டராக்டிவ் என்ற நிறுவனம் உருவாக்கி, 2002 அக்டோபரில் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த முதல் ஆட்டத்தின் தொடர்ச்சி இது. நான் பிறப்பதற்கு முன்பே உலகம் ஆடி முடித்த ஆட்டத்தை, இத்தனை ஆண்டு கழித்து ராயகிரியில் நாங்கள் புதிதாக ஆடத் தொடங்கினோம்.

கதை இதுதான். மொட்டைத் தலையும் கறுப்புக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் உடைய ஒருவன். அவனுக்குப் பெயர் கிடையாது. 47 என்ற எண்தான் பெயர். கூலிக்குக் கொலை செய்யும் தொழிலை விட்டுவிட்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் ஒரு மாதா கோயிலில் தோட்ட வேலை பார்க்கிறான். அங்குள்ள பாதிரியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி அழுகிறான். அந்தப் பாதிரியாரைச் சிலர் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவரைத் தேடுவதற்காகவே விட்ட தொழிலை மறுபடியும் கையில் எடுக்கிறான். சிசிலியில் தொடங்கும் ஆட்டம் ரஷ்யா, ஜப்பான், மலேசியா, ஆப்கானிஸ்தான் என்று சுற்றி, நம் நாட்டுப் பஞ்சாபுக்கும் வருகிறது.

சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. இதில் ஒரு வேறுபாடு. இங்கே துப்பாக்கியைவிடப் பொறுமைக்கே மதிப்பு. தபால்காரர் உடுப்பைப் போட்டுக்கொண்டு மாளிகைக்குள் நுழையலாம். மளிகைச் சாமான் கொண்டுவரும் பையனாகவும் போகலாம். ஆனால் அந்த உடுப்புக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும். காவற்காரர்கள் எதிரில் ஓடினால் சந்தேகம் வரும். திரையில் ஒரு கோடு, அவர்களுடைய சந்தேகம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கணக்கு வரும்: எத்தனை குண்டு சுட்டாய், எத்தனை பேரைக் கொன்றாய், எத்தனை பேரைக் காயப்படுத்தினாய் என்று. குறித்த ஆளைத் தவிர மற்றவர்களைக் கொல்லக் கொல்லப் பட்டம் இறங்கிக்கொண்டே போகும். யாரும் அறியாமல் வந்து போனவனுக்குத்தான் தலைப்பில் உள்ள அந்த உயர்ந்த பட்டம்.

ஆடியவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒரே ஆட்டம்தான், ஆனால் ஆளுக்கொரு குணத்தை அது வெளியே கொண்டுவந்துவிட்டது. அத்தை மகனுக்குப் பொறுமை கிடையாது. வாசலிலேயே துப்பாக்கியை எடுத்துவிடுவான். முடிவில் கூட்டக் கொலைகாரன் என்ற பட்டம் வந்தால், அதற்கும் கை தட்டிச் சிரிப்பான். எதிர்வீட்டு அண்ணன் கணக்கு வாத்தியார் மாதிரி. எந்தக் காவற்காரர் எத்தனை நொடிக்கு ஒரு முறை திரும்புகிறார் என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டு ஆடுவார். "முதல் ஆட்டத்தில் பாதியில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. இதில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இது பிள்ளை விளையாட்டு" என்பார். ஜப்பானின் பனிப் பள்ளத்தாக்கு வந்ததும் அவரே, "இத்தனை தூரத்தில் இருக்கிறவன் எப்படிப் பார்க்கிறான்?" என்று மேசையைக் குத்தினார். கடைசி வீட்டுத் தம்பிக்குக் கொலையே வேண்டாம். பின்னால் ஒலிக்கும் இசை போதும். ஜெஸ்பர் கிட் அமைத்த அந்த இசையை ஹங்கேரியின் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்திருக்கிறது. "கோயில் திருவிழாவில் சாமி புறப்படும் முன்னால் ஒரு அமைதி வருமே, அது போல இருக்கு" என்பான்.

நான் எப்படி ஆடினேன்? காவற்காரர்களைப் பின்னாலிருந்து போய்ப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். மெல்ல, மிக மெல்ல, பதுங்கி நடக்க வேண்டும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கழுத்துக்குக் கம்பி, அல்லது மூக்குக்கு மயக்க மருந்து. ஓர் ஓசையும் வராது. "மாப்ள, உன் கை பட்டா எவனுக்கும் தெரியாதுல" என்று அத்தை மகன் பாராட்டுவான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு கிட்டங்கியில் இரவுக் காவல். காக்கிச் சட்டை, ஒரு டார்ச் விளக்கு, ஒரு கம்பு, ஒரு விசில். மாலை ஆறு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவார். ஒரு நாள் அவருக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார். நாங்கள் முன்னறையில் ஆடிக்கொண்டிருந்தோம். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு காவற்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இவன் யாருல?"

"காவக்காரன், அப்பா."

"எவ்வளவு நேரமா நிக்கான்?"

"ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து நிக்கான்" என்றேன்.

"உக்கார ஒரு ஸ்டூல் கூடப் போடலயே" என்றார் அப்பா.

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், அந்தக் காவற்காரரின் பின்னால் பதுங்கிப் போனேன். கம்பி விழுந்தது. அவர் மடங்கிச் சரிந்தார். திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் வலக்கை தம் பின்னந்தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"பின்னால வாரது கேக்கவே கேக்காதுல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நடந்தது அது. ஒரு மழை இரவு. யாரோ கிட்டங்கிச் சுவரேறிக் குதித்து, பின்னால் வந்து அப்பாவின் தலையில் அடித்துவிட்டு, மூன்று மூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னந்தலையில் ஐந்து தையல். மூடைகளுக்கான பணத்தை மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். அவர் தாங்காதது ஒரு சொல்லைத்தான். "காவக்காரன் தூங்கிட்டான்" என்றார்கள் எல்லோரும். "முழிச்சிருந்தா அடி எப்படிப் பின்னால விழும்?" என்று கேட்டார்கள். "நான் தூங்கல, முழிச்சிதான் இருந்தேன்" என்று அப்பா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் அவர் தூங்கியிருப்பார் என்றே நினைத்திருந்தேன். வெளியே சொன்னதில்லை, உள்ளே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்தபோது, அவர்களோடு சண்டை போடாததற்குக் காரணம் அதுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விடுமுறையில் நான் எத்தனை காவற்காரர்களின் பின்னால் போயிருப்பேன்! அவர்களில் ஒருவராவது தூங்கினாரா? இல்லை. எல்லோரும் விழித்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்கு முதுகில் கண் இல்லை. அது ஒன்றுதான் அவர்கள் குற்றம். விழித்திருப்பவனையும் பின்னால் போய் வீழ்த்தலாம் என்பதை அடித்தவன் அறிவான், அடிபட்டவன் அறிவான். ஊர் அறியாது. அடித்தவன் இடத்தில் நின்று ஆடிப் பார்த்த பிறகுதான், அடிபட்டவர் உண்மை சொன்னார் என்று அவர் மகனுக்குத் தெரிந்தது.

மறுநாள் நண்பர்களிடம், "இனிமேல் காவற்காரர்களைத் தொடக்கூடாது" என்றேன். அத்தை மகன், "ஏ மாப்ள, அது வெறும் படம்தானல. அவனுக்கு என்ன பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. படம் படம்தான். ஆனால் பார்க்கிறவனுக்கு அது எப்போதும் வெறும் படமாக இருப்பதில்லை. இதே விளையாட்டு 2002இல் வெளிவந்தபோது சீக்கியர்கள் அதை எதிர்த்தார்கள். பஞ்சாபில் நடப்பதாக அமைத்த பகுதியில் வரும் கோயில், அமிர்தசரஸ் பொற்கோயிலைப் போலவே இருந்தது. அதற்குள் தலைப்பாகை அணிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். 1984இல் அந்தக் கோயிலுக்குள் சிந்திய இரத்தத்தை மறக்காத மக்கள் அதை எப்படி ஆட்டமாகப் பார்ப்பார்கள்? பின்னர் அந்தப் பகுதியை மாற்றி வெளியிட்டார்கள். கோப்பன்ஹேகனில் வரைந்தவர்களுக்கு அது ஒரு கட்டடம். அமிர்தசரசில் அது சாமி இருக்கும் வீடு. அது போலத்தான், கதவோரம் நிற்கும் அந்தக் காக்கிச் சட்டையும். அத்தை மகனுக்கு அது தடை. எனக்கு அது அப்பா.

இதைச் சொன்னதும் அத்தை மகன் பேசவில்லை. அப்பா அவனுக்குத் தாய்மாமன் அல்லவா!

அதன் பிறகு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. புதிய முறையில் ஆடினோம். சிசிலி மாளிகைக்குள் போய், ஒரு காவற்காரர் மீதும் கை படாமல் திரும்ப வேண்டும். இதுதான் பந்தயம். முன்பு அரை மணியில் முடித்த கட்டம் ஒன்பது இரவுகளைத் தின்றது. நடுவில் மின்சாரம் நின்று இரண்டு முறை எல்லாம் போயிற்று. எதிர்வீட்டு அண்ணனின் தாள்கள் இப்போதுதான் பயன்பட்டன. அவர் எப்போது திரும்புவார், எங்கே நிற்பார், எந்த வாசலில் சலிப்போடு காலை மாற்றி வைப்பார் என்று கவனித்துக் கவனித்து, காவற்காரர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்த முகங்களாகிவிட்டார்கள். பத்தாம் நாள் அந்த உயர்ந்த பட்டம் திரையில் வந்தது. கொன்ற காவலர், சுழி, காயப்பட்டோர், சுழி. அத்தை மகன்தான் அதிகமாகக் குதித்தான்.

விளையாட்டு கெட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்லது என்று நாங்கள் வாதாடுவோம். இரண்டும் முழு உண்மை அல்ல என்பது என் எண்ணம். ஒரே ஆட்டத்தில் கூட்டக் கொலைகாரனாகவும் ஆகலாம். ஒருவரையும் நோகாமல் வரவும் பழகலாம். எதை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறோம் என்பதே கேள்வி.

இப்போதும் மாலையில் கல்லூரி முடிந்து ஊர் சேர்ந்ததும், தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போகிறேன். அப்பா பெரும்பாலும் வாசலுக்கு முதுகு காட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்தடி தள்ளி நின்று ஒரு முறை இருமிவிட்டு, "அப்பா, நான்தான்" என்று சொல்லிவிட்டே கிட்டே போகிறேன்.

ஆனால் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்த மலர் அச்சாகிக் கைக்கு வந்ததும், ஒரு மாலை கிட்டங்கி வாசலில் அவர் எதிரே உட்கார்ந்து இக்கட்டுரையை நானே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். "அப்பா, அன்றைக்கு நீங்கள் தூங்கவில்லை" என்ற இந்த வரி வரைக்கும்.