கூலி கேளா வாத்தியம்

சாவு வீட்டில் அழுவதற்கு வழியில்லாதவர்கள் ஊரில் சிலர் உண்டு. பேண்டு வாத்தியம் வாசிப்பவர்களே அவர்கள். பித்தளைக் கருவியின் ஓசை குழாயில் பிறப்பதில்லை. ஊதுவாயில் பொருந்திய இரு உதடுகளின் அதிர்வில் பிறக்கின்றது. குழாய் அதைப் பெருக்கிக் கொடுக்கின்றது, அவ்வளவே. அழுகை வந்தால் முதலில் நடுங்குவது உதடு. அடுத்து அடைபடுவது தொண்டை. அதன்பின் எவ்வளவு காற்றைச் செலுத்தினாலும் சுருதி நிற்பதில்லை. ஆகவே, இறந்தவர் சொந்தத் தாய்மாமனாகவே இருப்பினும், கல்லறைத் தோட்டத்து வாயில் வரையிலும் துயரை விழுங்கிக்கொண்டுதான் வாசிப்பவன் நடக்க வேண்டும்.

ஆலந்தலையில் எங்கள் ஊர்ப் பேண்டு குழுவில் நான் சில ஆண்டுகள் யூபோனியம் வாசித்திருக்கிறேன். டிரம்பெட்டைப் போல் பாட்டை முன்னெடுத்துச் செல்லும் கருவியன்று அது. பெரிய டிரம்மைப் போல் தெருமுனையிலேயே காதில் விழுவதுமன்று. மணமகனுக்கு அருகில் நிற்கும் தோழனைப் போன்றது. இருக்கும்போது எவரும் கவனிப்பதில்லை. இல்லாதபோது ஏதோ குறைகின்றது என்று மட்டும் தெரியும். குழுவில் பெரும்பாலோர் கடல் தொழிலாளர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை என்பது நம் கரையின் பழைய வழக்கமாகையால், அன்று பிற்பகலில்தான் பயிற்சி. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள் மூன்று வால்வுகளின்மேல் வந்து அமர்வதைப் பார்க்க வேண்டும்! நடு வால்வு அரைச் சுரம் இறக்கும்; முதலாவது ஒரு சுரம்; மூன்றாவது ஒன்றரை. எஞ்சியவை அனைத்தும் உதட்டின் இறுக்கத்தில் இருக்கின்றன. கடற்காற்றின் உப்போ பித்தளையைப் பச்சை பூக்கச் செய்துவிடும். ஒருமுறை ஒரு வீட்டில் குத்துவிளக்கோடு டிரம்பெட்டையும் சேர்த்துப் புளியிட்டுத் துலக்கிவிட்டார்கள். பளபளப்பு என்னவோ வந்தது. வால்வுதான் ஒரு மாதம் அசையவில்லை.

இதை வெள்ளைக்காரர் வாத்தியம் என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) மேனாட்டுப் பேண்டு குழுவை அரண்மனையில் வைத்துப் போற்றினார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுவரங்கள் என்ற பெயரில் அவை இன்றும் பாடப்படுகின்றன. இருநூறு ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்த பின்னும் ஒன்றை அயல் என்பது எனக்கு விளங்கவில்லை. நம் நாட்டுப் பேண்டுக் கருவிகளில் பெரும்பகுதி மீரட் நகரத்துப் பட்டறைகளில்தானே உருவாகின்றது!

கூலியின்றி வாசிப்பதும் புதிதன்று. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில், தெருவில் பிரசங்கித்த இரட்சணிய சேனையினரைப் போக்கிரிகள் தாக்கியபோது, கட்டடத் தொழில் செய்துவந்த சார்லஸ் ஃபிரை என்பவர் தம் மூன்று புதல்வரோடு கருவிகளை எடுத்துக்கொண்டு துணைக்கு நின்றார். அச்சபையின் பேண்டு மரபு அங்கிருந்து தொடங்கியது. யார்க்ஷயர் பகுதியிலுள்ள கிரைம்தார்ப் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென 1917இல் ஒரு பேண்டு அமைந்தது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது, பேண்டு மூடப்படவில்லை. இதைப் படித்தபோது என் மனம் நம் மன்னார் வளைகுடாவுக்குத் திரும்பியது. தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கயிற்றுக் கல்லில் கால் பதித்து, மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த மூச்சைப் பித்தளைக்குள் செலுத்துகின்றனர்.

திருவிழாவுக்கு வெளியூர்க் குழுவை அமர்த்தலாமே என்ற பேச்சு ஒரு கொடியேற்றத்திற்கு முன் எழுந்தது. கேரளத்துச் செண்டை மேளமும் நம் பவனிகளில் புகுந்துவிட்டதல்லவா? இளைஞர் சிலர் அரபு நாடுகளுக்கும் கப்பல் வேலைக்கும் போய்விட்டதால் எங்கள் குழுவும் மெலிந்திருந்தது. கூலிக்கு வாசிக்கும் கலைஞரை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகின்றது. பெரும்பாலும் எங்களைவிடத் திறமாகவும் வாசிக்கிறார்கள். திருவிழாவுக்கு அவர்கள் வரட்டும் என்றே நானும் சொன்னேன். சாவுக்கு மட்டும் நாங்களே என்று நின்றோம். இறந்தவரின் பட்டப்பெயரும், அவர் யாரோடு பேசாமல் இருந்தார் என்பதும் தெரிந்தவன் வாசிக்கும்போது, நடையின் வேகம் தானாகவே அமைந்துவிடுகின்றது.

அந்த ஆண்டே மழைக்காலத்தில், முன்னாளில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் காலமானார். அவருடைய மகன்தான் எங்கள் முதல் டிரம்பெட். "நீ பெட்டியோடு நடந்து வா, தம்பி, வாசிக்க வேண்டாம்" என்றோம். "அப்பா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான், அண்ணே" என்று சொல்லிக் கருவியை எடுத்துக்கொண்டான். கோவில் வரையில் ஒரு பிசிறும் இல்லை. திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்திற்குத் திரும்பும் தெருவில், பாட்டின் உச்சியில், அவன் சுரம் உடைந்தது. மீண்டும் ஊதினான், காற்று மட்டுமே வந்தது. வாத்தியம் நின்றால் ஊர்வலம் நிற்கும். நான் என் பகுதியை விட்டுவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டேன், ஒரு ஸ்தாயி கீழே, யூபோனியத்தின் கனத்த குரலில். அவன் டிரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதபடி நடந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூலிக்கு வந்த குழுவாயின் அதைப் பிழை என்போம். அன்று அப்படிச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. கடைசி அடிக்கு அவன் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டான்.

இன்று சிறுவர்களுக்கு டிரம்பெட் பழக்குகின்றவன் அவனே. தொடக்கத்தில் கருவியைக் கையில் கொடுப்பதில்லை. ஊதுவாயை மட்டும் கொடுத்து, உதட்டைப் பழக்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு வா என்று அனுப்பிவிடுகின்றான். புதிதாகச் சிறுவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் அப்படித்தான் அறிகின்றோம். அந்த வாரம் முழுவதும் ஊரெங்கும் வாத்து கத்துவதுபோல் ஓசை கேட்கும்.