குடத்தில் எல்லாப் பெயரும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், உள்ளாட்சி வரலாற்றில் அழியா இடம்பெற்ற ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வகையை விரித்துரைக்கின்றன. ஆட்சிமுறை பயில்வோர் போற்றும் இக்கல்வெட்டுகள், அனைவரையும் உள்ளடக்கிய வகுப்பறை எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுகின்றன.

கை உயர்த்தாதவர்

வகுப்பில் ஆசிரியர் வினா எழுப்புகிறார். உடனே நான்கைந்து கைகள் உயர்கின்றன. அவர்களுள் ஒருவர் சரியான விடை கூறுகிறார். பாடம் மேலே செல்கிறது. பாடம் விளங்கிவிட்டது என்ற நிறைவு ஆசிரியருக்கு உண்டாகிறது. ஆனால், விளங்கியது விடை சொன்ன ஒருவருக்கு மட்டுமா, எல்லார்க்குமா என்பது தெரியாமலே போகிறது.

கை உயர்த்தாதவரின் மௌனத்திற்குக் காரணங்கள் பல. ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவர். வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு அவரைத் தயங்கச் செய்கிறது. மற்றொருவர், பெற்றோர் செங்கல் சூளை வேலைக்காக இடம்பெயர்ந்ததால் சில மாதப் பாடங்களை இழந்தவர். வேறொருவர்க்குச் செவிப்புலன் குறைவு; இன்னொருவர்க்குத் திக்குவாய். விடை தெரிந்தும், பிழையானால் பிறர் நகைப்பரோ என அஞ்சுவோரும் உளர். இவர்களின் குரல் ஒருமுறையேனும் கேட்கப்படாமல் ஓர் ஆண்டு கழியுமானால், அவர்கள் வகுப்பில் இருந்தும் இல்லாதவர் ஆகின்றனர்.

குடவோலை காட்டும் நெறி

உத்திரமேரூர்ச் சபையில் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எழுத்து வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படித்தார். அங்கிருந்த பிறரும் படித்தனர். கண்டோர் எவர்க்கும் ஐயம் எழாதிருக்கவே இத்துணை ஏற்பாடு. அடுத்தடுத்து ஒருவரே பொறுப்பில் அமராதிருக்கவும் விதி இருந்தது. வாரியப் பணி செய்தவர் மூன்றாண்டு கழிந்த பின்னரே மீண்டும் தகுதி பெற்றார். நடுநிலையைத் தனியொருவரின் நல்லெண்ணத்திற்கு விடாமல் நடைமுறையாக வகுத்ததே இம்முறையின் சிறப்பு.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். மாணவர் அனைவரின் பெயர்களையும் சீட்டுகளில் எழுதி ஒரு குவளையில் இடலாம். முதலில் வினாவைக் கூற வேண்டும். பெயரைப் பின்னரே எடுக்க வேண்டும். பெயரை முன்னரே அழைத்துவிட்டால் ஏனையோர் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். எடுத்த சீட்டுகளில் ஒன்றிரண்டை மீண்டும் குவளையில் இட்டால், விடை கூறியவரும் விழிப்புடன் இருப்பார்.

காத்திருக்கும் கலை

சீட்டு எடுப்பது மட்டும் போதாது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வினாவெழுப்பிய பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதைத் தம் ஆய்வில் கண்டார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது விடைகள் நீண்டன. விடை கூறும் மாணவர் தொகையும் பெருகியது. அந்தச் சிறு அமைதியில்தான் தயங்குபவரின் எண்ணம் சொல்லாக உருப்பெறுகிறது.

அருகிலிருப்பவருடன் ஒரு நிமிடம் கலந்து பேசச் செய்து, அதன்பின் பெயரை எடுப்பது மேலும் நன்று. அப்போது மாணவர் தனித்து நிற்பதில்லை. இருவர் சிந்தனையை ஒருவர் எடுத்துரைக்கிறார். பேசத் தடுமாறுபவர் பலகையில் எழுதிக் காட்டலாம். தவறான விடையும் எந்தப் படியில் வழிமாறியது என்று அனைவரும் ஆராய்வதற்கு உதவும். இப்பரிவு இல்லையெனில், சீட்டில் வரும் பெயர் வாய்ப்பாகாமல் தண்டனையாகிவிடும்.

குடத்திற்கு வெளியே நின்றவர்

உத்திரமேரூர்க் கல்வெட்டு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. குடத்தில் எல்லாருடைய பெயரும் இடப்படவில்லை. கி.பி. 921ஆம் ஆண்டு விதிப்படி, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, முப்பத்தைந்து முதல் எழுபது வயதிற்குட்பட்டோரே தகுதி பெற்றனர். அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விளக்க வல்லவர்க்கு இடம் உண்டு. நிலம் அடைத்த கதவைக் கல்வி சற்றே திறந்தது. எனினும் அக்கல்வியே எல்லார்க்கும் எட்டாதிருந்த காலம் அது.

இன்று நிலை வேறு. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தைகள் தத்தம் வேகத்தில் பயில அட்டைகளையும், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையையும் தந்தது. ஆசிரியர் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார்.

சட்டம் பள்ளியின் வாயிலைத் திறக்கும். வகுப்பினுள் இடம் தருவது அன்றாடக் கற்பித்தலே. செவிப்புலன் குறைந்தவர் இதழசைவைக் காணுமாறு முகம் நோக்கிப் பேசுதல், பார்வைத்திறன் குறைந்தவர்க்காகப் பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தல், விடுபட்ட பாடத்தைச் சக மாணவர் துணையுடன் ஈடுசெய்தல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இவை ஒருவருக்காகத் தொடங்கினாலும் வகுப்பிலுள்ள பலர்க்கும் பயன்தருவன.

சபைக் குடத்தில் சிலருடைய பெயர்களே இருந்தன. வகுப்பறைக் குவளையில் ஒரு பெயரும் விடுபடலாகாது. ஒவ்வொரு பெயரும் அழைக்கப்பட வேண்டும். அழைக்கப்பட்டவர் பேசும்வரை வகுப்பு பொறுமையோடு காத்திருக்கவும் வேண்டும்.