ஏட்டில் ஒரு பெயர்

பிற தொழில்களில் பணி செவ்வனே நடந்தால் இருப்பிடம் நிலைக்கும். கட்டுமானத் தொழிலில் பணி செவ்வனே முடிந்தால் இருப்பிடம் மாறும். பெரிய கட்டுமான நிறுவனமொன்றின் ஊழியராய் ஊர்தோறும் பெட்டி கட்டிய குடும்பங்கள் நாங்கள். இம்மலரைப் புரட்டும் இல்லங்கள் சிலவற்றுக்கேனும் இக்கதை புதிதன்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொங்கண் இரயில் பாதைப் பணிக்கு வந்து சேர்ந்தோம். ஒருபுறம் சையாத்திரி மலை, மறுபுறம் அரபிக் கடல். இடையே ரோஹாவிலிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர். தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். பாறையைக் குடைவது கடினம். குழைந்த மண்ணைக் குடைவதோ அச்சம். மழைக்காலத்தில் அம்மண் கூழாய் இறங்கும். இரத்தினகிரிக்கருகே பன்வல் ஆற்றுப் பள்ளத்தின்மேல் 64 மீட்டர் உயரத்தில் பாலம் எழுந்தபோது, மேல்தளத்தை ஒரு முனையில் பகுதி பகுதியாய் வார்த்து, மெல்ல மெல்ல மறுகரை நோக்கித் தள்ளினர். அதைக் காணக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிச் சென்றோம்.

வார்த்த கான்கிரீட்டின் மாதிரிக் கட்டியை நீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் நசுக்கி வலுவைச் சோதிப்பது எங்கள் தொழில் மரபு. கான்கிரீட்டுக்குக் கிடைத்த அவகாசம் எங்கள் குழந்தைகளுக்குக் கிடைத்ததில்லை. ஒரு பள்ளியில் மராத்தி பழகுமுன் அடுத்த பள்ளியில் கன்னடம் காத்திருக்கும். தமிழ், இரவுச் சோற்றோடு தாய் ஊட்டிய பாடமாகவே எஞ்சியது.

ஆயினும் எங்கள் பெயர் நிறுவனப் பதிவேட்டில் இருந்தது. தகரக் கொட்டகைகளில் தங்கிய தமிழ்த் தொழிலாளர் பெயரோ துணை ஒப்பந்தக்காரரின் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது. ஒரு மழைநாளில் சுரங்கத்தில் மண் சரிந்து அவர்களுள் ஒருவர் மாண்டார். இழப்பீடு கோரி அவர் மனைவி வந்தபோது, குறிப்பேட்டிலிருந்த பெயரும் குடும்ப அட்டையிலிருந்த பெயரும் ஒத்துவரவில்லை. தமிழ்ப் பெயரின் ழகரம் நாகரி எழுத்தில் லகரமாகியிருந்தது. ‘இவர் வேறு, அவர் வேறு’ என்றது அலுவலகம். ஓர் எழுத்து மாறியதால் ஒரு மனிதரே இல்லாதவரானார்.

எங்கள் வீட்டுப் பெண்டிர் மனு எழுதினர். ஊரிலிருந்து கிராம நிர்வாக அலுவலரின் சான்றை வரவழைத்தனர். எட்டு மாதங்களுக்குப் பின்னரே பணம் கிடைத்தது. அன்றுமுதல் ஞாயிறுதோறும் கொட்டகைகளுக்குச் சென்றோம். ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் வாரிசையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டில் எழுதி, கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற்று, ஒரு படியை அவரிடமே கொடுத்தோம். அந்நிறுவனத்தில் இருந்த காலத்தில் நாங்கள் செய்த பணிகளுள் அளவிற் சிறியது அதுவே. மனநிறைவு தந்ததும் அதுவே.

1998இல் பாதை முழுவதும் திறக்கப்பட்டபோது நாங்கள் வேறோர் ஊரில் இருந்தோம். இரத்தினகிரி இரயில் நிலையத்தில் இப்பணியில் உயிர்நீத்தோர்க்கு நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அவ்வழியே செல்லும் அன்பர்கள் ஒரு கணம் நின்று வணங்குக.

இன்று நம் குடியிருப்புகளுக்கு அருகே அடுக்குமாடி எழுப்புவோருள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் பலர். அவர்தம் பெயர்களும் நம் நாவில் எழுத்திழக்கின்றன. பெயரைக் கேட்டு, அதைப் பிழையின்றிச் சொல்லக் கற்பது சிறு செயலே. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அதன் அருமை தெரியும்.